அந்த ஃபோர் யார் கணக்குல போச்சு?

இன்டர்-டிபார்ட்மென்ட் மேட்ச். நீங்க அவுட் ஆகி, வேர்வை வழிய கிரவுண்டை விட்டு வெளியே வர்றீங்க. மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கு. கடைசியா அடிச்ச ஸ்கொயர் கட்டோட 50 தாண்டியாச்சு, 52. பேடைக்கூடக் கழட்டாம மரத்தடிக்குப் போறீங்க. பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கிட்டிருக்கிற ஃபர்ஸ்ட் இயர் தம்பிகிட்ட நோட்டை வாங்கிப் பார்த்தா... உங்க பேருக்கு நேரா 48!

"டேய், ஸ்கொயர் கட் அடிச்சேனே... அந்த ஃபோர் எங்கடா?"

"அது எதிர்ல நின்ன அண்ணன் அடிச்சதுனு நினைச்சுட்டேண்ணா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஹெல்மெட் போட்டிருந்தீங்க..."

டீம் டோட்டல் மாறலை. மேட்ச் ரிசல்ட்டும் மாறலை. அதனால யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா ஆறு மாசம் கழிச்சு, யுனிவர்சிட்டி செலக்‌ஷனுக்கு யார் யாரை அனுப்பலாம்னு பி.டி. மாஸ்டர் நோட்டைப் புரட்டுறப்ப, அந்த ஸ்கொயர் கட் அவர் ஞாபகத்துல இருக்காது. நோட்டுல இருக்கிற 48 மட்டும்தான் இருக்கும். 'அரை சதம் எத்தனை?'ங்கிற கேள்விக்கு உங்க பேர் பக்கத்துல ஒண்ணு குறையும்.

"காலேஜ் மேட்ச்ல இதெல்லாம் சகஜம் பாஸ். பெரிய மேட்ச்ல நடக்குமா?"ன்னு நீங்க கேட்கலாம். நடக்கும். நடந்திருக்கு. எங்கே நடக்கும், எங்கே நடக்காதுங்கிறதுதான் சுவாரஸ்யமான விஷயம்.

744 = 744

முதல்ல நம்ம சேப்பாக்கத்துக்கே போவோம். 1986, செப்டம்பர் 18 முதல் 22 வரை நடந்த இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 574 எடுத்து டிக்ளேர், இரண்டாவதில் 5 விக்கெட்டுக்கு 170 எடுத்து டிக்ளேர். இந்தியா 397, அடுத்து 347. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. மேட்ச் டை! டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றில் இதுவரை நடந்திருப்பது இரண்டே இரண்டு டை. ஒன்று 1960-ல் பிரிஸ்பேனில். இன்னொன்று இது.

கூட்டிப் பாருங்க. 574-ம் 170-ம் 744. 397-ம் 347-ம் 744. சென்னை வெயிலில் டீன் ஜோன்ஸ் 210 ரன் அடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். அதே ஐந்து நாளும் பந்துக்குப் பந்து பென்சில் பிடிச்சு உட்கார்ந்திருந்த ஸ்கோரர்களைப் பத்தி யாரும் பேசறதில்லை. யோசிச்சுப் பாருங்க... அவங்க இரண்டாவது நாள் மத்தியானத் தூக்கத்துல ஒரே ஒரு லெக்-பையை விட்டிருந்தா? அந்த டெஸ்ட் டை ஆகியிருக்காது. ஒரு அணி ஒரு ரன்னில் ஜெயிச்சதா சரித்திரம் எழுதியிருக்கும்.

இந்த மாதிரி விபத்து நடக்காமப் பார்த்துக்கிறதுக்குத்தான் கிரிக்கெட் சட்டப் புத்தகமே ஸ்கோரர்களுக்காகத் தனியா ஒரு சட்டம் வச்சிருக்கு. ஒருத்தர் இல்லை, இரண்டு ஸ்கோரர்கள் இருக்கணும். ரெண்டு பேரும் தனித்தனியா எழுதணும். அடிக்கடி ரெண்டு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கணும். தண்ணீர் இடைவேளை தவிர ஒவ்வொரு இடைவேளையிலும், மேட்ச் முடிஞ்சதும், அம்பயரோடயும் சரிபார்க்கணும். அம்பயர் கையைத் தூக்கி சிக்னல் காட்டினா, ஸ்கோரர் பதிலுக்குக் காட்டுற வரைக்கும் அடுத்த பந்து போட விடக்கூடாது. டி.வி.யில பவுண்டரி போனதும் அம்பயர் பெவிலியன் பக்கம் பார்த்துக்கிட்டு நிற்பாரே, ரசிகர்களைப் பார்க்கலை. ஸ்கோரர் கையை ஆட்டுறாரான்னு பார்க்கிறார்!

பி.காம். பசங்களுக்கு இது ஈஸி

கிரிக்கெட் ஸ்கோர் நோட்டை ஒருதடவையாவது கிட்ட இருந்து பார்த்திருக்கீங்களா? மேலே பேட்ஸ்மேன்கள், கீழே பௌலர்கள், நடுவுல எக்ஸ்ட்ராஸ், ஓரத்துல 1, 2, 3, 4 என்று அச்சடிச்ச எண்களை அடிச்சுக்கிட்டே போற டாலி. ஒரே ஒரு சிங்கிள் ஓடினா அதை மூணு இடத்துல எழுதணும். பேட்ஸ்மேன் பேருக்கு நேரா ஒண்ணு. பௌலரோட கட்டத்துல ஒண்ணு. டாலியில ஒரு எண்ணை அடிக்கணும். ரன் இல்லைன்னா பௌலர் கட்டத்துல ஒரு புள்ளி. ஆறும் புள்ளின்னா அதையெல்லாம் சேர்த்து 'எம்' மாதிரி கோடு இழுத்தா மெய்டன் ஓவர். வைடுக்குக் கூட்டல் குறி, நோ-பாலுக்கு வட்டம், பைக்கு முக்கோணம், லெக்-பைக்குத் தலைகீழ் முக்கோணம்... கோலப் புள்ளி மாதிரி அழகா இருக்கும்.

இப்ப இன்னிங்ஸ் முடிஞ்சுது. எல்லா பேட்ஸ்மேன்களோட ரன்னையும் கூட்டி, எக்ஸ்ட்ராஸைச் சேர்த்தா ஒரு தொகை வரும். எல்லா பௌலர்களும் கொடுத்த ரன்னைக் கூட்டி, பையையும் லெக்-பையையும் சேர்த்தா இன்னொரு தொகை. டாலியில கடைசியா அடிச்ச எண் மூணாவது தொகை. மூணும் ஒண்ணா இருந்தாத்தான் ஸ்கோரர் நிம்மதியா டீ குடிக்க முடியும். பந்துகளுக்கும் இப்படியே. போட்ட மொத்தப் பந்துல வைடைக் கழிச்சா, பேட்ஸ்மேன்கள் எல்லோரும் சேர்ந்து சந்திச்ச பந்து வரணும்.

படிக்கிறது பி.காம்.னா இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. இது அப்படியே டபுள் என்ட்ரி, கடைசியில டிரையல் பேலன்ஸ்! ஆனா உங்க அக்கவுன்டன்சி லெக்சரர் இன்னொண்ணும் சொல்லியிருப்பாரே... டிரையல் பேலன்ஸ் டாலி ஆயிடுச்சுங்கிறதுக்காகக் கணக்கு சரின்னு அர்த்தம் இல்லை. ஒருத்தர் கணக்குல போட வேண்டியதை இன்னொருத்தர் கணக்குல போட்டா? ரெண்டு பக்கமும் சமமாத்தான் வரும். 'எரர் ஆஃப் கமிஷன்'னு பத்து மார்க் கேள்வியே வரும். உங்க ஸ்கொயர் கட்டுக்கு நடந்தது அதேதான். எத்தனை தடவை கூட்டினாலும் அந்தத் தப்பு மாட்டாது.

இந்த மாதிரி ஒரு ஃபோரைத் தேடி உலகமே அலைஞ்ச கதை ஒண்ணு இருக்கு. டான் பிராட்மன். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 10 நாட்-அவுட், 6,996 ரன். சராசரி 99.94. 1948-ல் ஓவல் மைதானத்துல கடைசி இன்னிங்ஸ் ஆட இறங்கினப்ப, சராசரி நூறைத் தொட அவருக்குத் தேவைப்பட்டது வெறும் 4 ரன். எரிக் ஹோலிஸ் போட்ட இரண்டாவது பந்துல போல்டு. டக்!

அப்போ அந்த 4 ரன் பழைய நோட்டு எதிலாவது மாட்டிக்கிட்டு இருக்குமா? சார்லஸ் டேவிஸ் என்ற ஆஸ்திரேலியப் புள்ளிவிவர ஆராய்ச்சியாளர் பழைய டெஸ்ட் ஸ்கோர் நோட்டுகளைப் பந்து பந்தா மறுபடி ஆடிப் பார்க்கிற வேலையைச் செய்தார். அதாவது, பௌலர் கட்டத்துல இருக்கிற ரன்னையும் பேட்ஸ்மேன் வரிசையில இருக்கிற ரன்னையும் பொருத்தி, எந்தப் பந்தை யார் சந்திச்சாங்கன்னு கண்டுபிடிக்கிறது. 1928-29 ஆஷஸ் தொடரின் மெல்போர்ன் டெஸ்ட் நோட்டுல ஒரு பவுண்டரி இப்படிப் பொருந்தாம நின்னுச்சு. அப்போ பிராட்மனும் ஜாக் ரைடரும் ஆடிக்கிட்டிருந்தாங்க. அது ரைடர் கணக்குல தப்பாப் போன பிராட்மன் ஃபோரா இருக்குமோன்னு கேள்வி கிளம்பிச்சு. கிரிக்கெட் உலகம் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடிச்சுது. ஆனா நிரூபிக்க முடியலை. 99.94 அப்படியே நிற்குது.

தப்பு இருந்ததா இல்லையாங்கிறதை விடுங்க. ஏறக்குறைய 80 வருஷம் கழிச்சு ஒருத்தர் அதைத் தேடிப் பார்க்கவாவது முடிஞ்சது ஏன்? ஒரே விஷயத்தை ரெண்டு மூணு இடத்துல எழுதி வச்சிருந்ததால. வெறும் 'ரைடர் இத்தனை, பிராட்மன் இத்தனை'ன்னு மட்டும் எழுதி வச்சிருந்தா, தேட இடமே இல்லை.

தப்பையும் சரியா எழுதணும்

ஸ்கோரருக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு. தான் கண்ணால பார்த்ததை எழுதக்கூடாது. அம்பயர் சொன்னதைத்தான் எழுதணும். பந்து பேட்ல பட்டதா, காலில் பட்டதான்னு ஸ்கோரர் முடிவு பண்ண முடியாது. அம்பயர் காலைத் தூக்கித் தொட்டுக் காட்டினா லெக்-பை. காட்டலைன்னா பேட்ஸ்மேன் ரன். அம்பயர் எண்ணிக்கை தவறி அஞ்சு பந்துல ஓவரை முடிச்சா, சட்டப்படி அது முடிஞ்ச ஓவர்தான். ஸ்கோரர் அஞ்சு பந்துன்னே எழுதணும். ஆக, தப்பைத் தப்பாவே சரியா எழுதறதுதான் அவர் வேலை!

இதோட உச்சம் 2019 ஜூலை 14, லார்ட்ஸ். உலகக் கோப்பை ஃபைனல். கடைசி ஓவர்ல மார்ட்டின் கப்டில் எறிஞ்ச பந்து பென் ஸ்டோக்ஸ் பேட்ல பட்டு பவுண்டரிக்கு ஓடிச்சு. ஆறு ரன்னுன்னு அம்பயர் குமார் தர்மசேனா சிக்னல் காட்டினார். எறியறப்ப ரெண்டு பேட்ஸ்மேன்களும் இரண்டாவது ரன்னுக்கு ஒருத்தரை ஒருத்தர் தாண்டலை, அதனால அஞ்சுதான் கொடுத்திருக்கணும். பிறகு தர்மசேனாவே அது தப்புன்னு ஒப்புக்கிட்டார். ஆனா நோட்டுல 6 ஏறியாச்சு. மேட்ச் 241-க்கு 241 டை. சூப்பர் ஓவரும் டை. கடைசியில கோப்பையை முடிவு பண்ணினது என்ன தெரியுமா? பவுண்டரி எண்ணிக்கை! இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17. ஓரத்துல யாரும் கவனிக்காம எழுதி வைக்கிற ஒரு புள்ளிவிவரம் உலக சாம்பியன் யாருன்னு சொல்லிச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ஐ.சி.சி. அந்த விதியையே தூக்கிட்டாங்க.

எழுதினது சரியா இருந்தும், படிச்சது தப்பாப் போனா? 2003 உலகக் கோப்பை, மார்ச் 3, டர்பன். இலங்கை 268. துரத்தின தென்னாப்பிரிக்காவுக்கு மழை பயம். டக்வொர்த்-லூயிஸ் தாள்ல 45-வது ஓவர் முடிவுக்கு 229-ன்னு போட்டிருந்தது. முரளிதரனை ஒரு சிக்ஸ் அடிச்சு 229-ஐத் தொட்ட மார்க் பவுச்சர், ஜெயிச்சாச்சுன்னு நினைச்சு அடுத்த பந்தை அலுங்காமத் தட்டி விட்டார். ரன் ஓடலை. மழை கொட்டிச்சு. 229 ஜெயிக்கிற ஸ்கோர் இல்லை, டை ஆகுற ஸ்கோர்! ஜெயிக்க 230 வேணும். சொந்த நாட்டுல நடந்த உலகக் கோப்பையில இருந்து தென்னாப்பிரிக்கா வெளியே. கேப்டன் ஷான் பொல்லாக்கோட பதவியும் போச்சு. அந்தத் தாள்ல அச்சுப்பிழை எதுவும் கிடையாது பாஸ்.

800-ஆ, 795-ஆ?

இன்னொரு வகை சிக்கல் இருக்கு. எல்லாம் சரியா எழுதியாச்சு. ஆனா எந்த மேட்ச்சைக் கணக்குல சேர்க்கிறது?

முரளிதரன் 2010 ஜூலையில் காலே மைதானத்தில், தன் கடைசி டெஸ்ட்டின் கடைசி பந்தில் 800-வது விக்கெட்டை எடுத்தார். கண்டியில் பிறந்த தமிழர், உலகமே எழுந்து நின்னு கைதட்டின நாள். ஆனா அந்த 800-ல் அஞ்சு விக்கெட், 2005-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரா ஐ.சி.சி. உலக லெவன் ஆடின 'சூப்பர் டெஸ்ட்'ல எடுத்தது. டெஸ்ட்னா இரண்டு நாடுகள் மோதணும், இது எப்படி டெஸ்ட் ஆகும்னு சில புள்ளிவிவர நிபுணர்கள் அப்பவே ஏத்துக்கலை. பி.பி.சி. ரேடியோவின் புகழ்பெற்ற ஸ்கோரர் பில் ஃபிரிண்டால் அதைச் சேர்க்கவே மாட்டேன்னு நின்னார். அவர் வழியில கணக்குப் போட்டா 795. ஐ.சி.சி. வழியில 800. பந்து அதே பந்து, விக்கெட் அதே விக்கெட்.

இதுக்கு முன்னோடி இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸ். முதல்தர கிரிக்கெட்டில் அவர் அடிச்ச சதம் 197-னு விஸ்டன் சொல்லும். 199-னு இன்னொரு தரப்பு சொல்லும். வித்தியாசத்துக்குக் காரணம் நம்ம ஊர்ப்பக்கம்தான். 1930-31ல் விஜயநகரம் மகாராஜ்குமார் ஒரு டீம் சேர்த்து இந்தியாவிலும் இலங்கையிலும் ஆட வச்சார். ஹாப்ஸும் வந்து ஆடினார். அந்த மேட்ச்களை முதல்தரம்னு எடுத்துக்கலாமாங்கிற பஞ்சாயத்து இன்னும் தீரலை. ஹாப்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு 197 போதும்னுட்டார். இப்படி ஒரு மனுஷன்!

ஃபுட்பால் இதுக்கு நேர் எதிர். 2007 மே மாசம் பிரேசிலின் ரொமாரியோ ஆயிரமாவது கோல் அடிச்சதாக் கொண்டாட்டம். ஆனா அது அவரே வச்சிருந்த கணக்கு. சின்ன வயசு டீம்ல அடிச்சது, நட்பு ஆட்டத்துல அடிச்சது எல்லாம் அதுல அடக்கம். தெருவுல அடிச்சதை விட்டாரேன்னு சந்தோஷப்பட்டுக்கலாம்.

அசிஸ்ட்டுக்கு அளவுகோல் எது?

இதுவரை பார்த்ததெல்லாம் எண்ணக்கூடிய விஷயம். ரன், விக்கெட், கோல். நடந்தது, நடக்கலை. அவ்வளவுதான். பாஸ்கெட்பால் பக்கம் போனா கதை இன்னும் வழுக்கும். ஒருத்தர் பந்தை பாஸ் பண்றார். வாங்கினவர் ரெண்டு தடவை டிரிபிள் பண்ணி, ஒரு ஆளை ஏமாத்தி, பாஸ்கெட் போடறார். பாஸ் கொடுத்தவருக்கு 'அசிஸ்ட்' உண்டா? நேரடியாக பாஸ்கெட்டுக்கு வழி பண்ணின பாஸ்தான் அசிஸ்ட். 'நேரடியாக'ன்னா எவ்வளவு நேரடியாக? அது ஓரத்துல உட்கார்ந்து எழுதறவரோட மனசுல இருக்கு.

1997 ஜனவரி. கனடாவின் வான்கூவர் நகரத்துல கிரிஸ்லீஸ் டீமுக்கும் லேக்கர்ஸுக்கும் என்.பி.ஏ. மேட்ச். லேக்கர்ஸ் ஆட்டக்காரர் நிக் வான் எக்ஸல் பேருக்கு 23 அசிஸ்ட் ஏறிச்சு. அசாத்திய எண். பன்னிரண்டு வருஷம் கழிச்சு, அன்னைக்கு எழுதினவரே ஒரு பேட்டியில போட்டு உடைச்சார். அவருக்கு வான் எக்ஸலைப் பிடிக்குமாம். தாராளமா அள்ளிக் கொடுத்தாராம். அதுல சில அசிஸ்ட்டுகள் சிரிப்பு வர்ற மாதிரியானவைன்னு அவரே சொன்னார். பதிவுப் புத்தகத்துல 23 அப்படியேதான் இருக்கு.

இப்ப கதையோட அடுத்த பாதி. வான்கூவர் கிரிஸ்லீஸ் 2001-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக்கு மாறிடுச்சு. 2023 ஜனவரியில அதே டீம் மேல ஒரு புகார் கிளம்பிச்சு. ஜேரன் ஜாக்சன் ஜூனியர்ங்கிற ஆட்டக்காரருக்கு சொந்த மைதானத்துல மட்டும் 'பிளாக்'கும் 'ஸ்டீல்'லும் அதிகமா ஏறுது, உள்ளூர் ஸ்கோரர் அள்ளி விடறார்னு இணையம் முழுக்கப் பேச்சு. பழைய கதை திரும்புதான்னு நினைப்பீங்க. ஆனா இந்தத் தடவை ஒவ்வொரு பிளாக்குக்கும் வீடியோ இருந்தது. ரசிகர்களும் பத்திரிகையாளர்களும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்தாங்க. கணக்கு சரியாத்தான் இருந்தது. வீடியோவை வச்சு ஆட்டத்தின்போதும் பிறகும் சரிபார்க்கிறோம், பதிவுகள் விதிப்படிதான் இருக்குன்னு என்.பி.ஏ.வும் சொல்லிச்சு. அந்த சீசனின் சிறந்த டிஃபென்டர் விருது ஜாக்சனுக்கே கிடைச்சது. 1997-ல் ஒருத்தர் மனசாட்சி உறுத்தி வாயைத் திறந்தாத்தான் உண்மை வெளியே வரும். 2023-ல் யார் வேணும்னாலும் திரும்ப எண்ணிப் பார்க்கலாம். ஸ்கோரர் தப்பு பண்ணலைன்னு நிரூபிக்கவும் அந்த வீடியோதான் உதவிச்சுங்கிறதை கவனிங்க.

எழுதாமலே விட்டதுக்கு என்ன பண்றது? என்.பி.ஏ.வில் பிளாக், ஸ்டீல் எல்லாம் அதிகாரபூர்வமா எழுத ஆரம்பிச்சதே 1973-74 சீசன்லதான். பந்தைத் தடுக்கிறதுல மன்னன்னு பேரெடுத்த பில் ரஸல் 1969-லயே ரிடையர் ஆயிட்டார். அவர் எத்தனை பிளாக் பண்ணினார்? பதிவுல ஒண்ணுகூட இல்லை! வில்ட் சேம்பர்லைன் 1962 மார்ச் 2-ம் தேதி ஒரே மேட்ச்ல 100 பாயின்ட் எடுத்தார். பென்சில்வேனியாவின் ஹெர்ஷிங்கிற சின்ன ஊர், பார்த்தவங்க 4,124 பேர். டி.வி. கிடையாது. நமக்கு மிச்சம் இருக்கிறது ஸ்கோர் தாளும், கடைசிக் கட்டத்தோட ரேடியோ ஒலிப்பதிவும், '100'ன்னு எழுதின துண்டுக் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு அவர் நிற்கிற போட்டோவும்தான்.

எண்ணைத் துரத்தி ஆட்டக்காரர்களே ஆட்டத்தைக் கெடுக்கிற கூத்தும் உண்டு. 2003 மார்ச்சில் கிளீவ்லேண்ட் டீமின் ரிக்கி டேவிஸுக்கு 'டிரிபிள் டபுள்' சாதனைக்கு ஒரே ஒரு ரீபவுண்ட் குறைஞ்சது. டீம் எக்கச்சக்கமா லீட்ல இருக்கு, சில விநாடிகள்தான் பாக்கி. மனுஷன் என்ன பண்ணினார்? தன் டீமோட பாஸ்கெட்டை நோக்கியே பந்தை எறிஞ்சு, அதைத் தானே பிடிச்சுக்கிட்டார்! சொந்த பாஸ்கெட்ல எறியறது ஷாட் கணக்குலயே வராதுங்கறதால ரீபவுண்டும் கிடைக்கலை. டீம் நிர்வாகம் 3,25,000 டாலர் ஃபைன் போட்டிச்சு. எண்ணை எழுதறவர் மட்டும் இல்லை, எண்ணுக்காக ஆடறவரும் நோட்டைக் கெடுக்க முடியும்.

கபடி ரசிகர்களுக்கு ஒரு கேள்வி. ரெய்டர் உள்ளே வந்து, மூலையில ஒருத்தர் கணுக்காலைப் பிடிச்சு, அடுத்தவர் இடுப்பை வளைச்சு, மொத்தமா அஞ்சு பேர் மேல விழுந்து அமுக்கறாங்க. டீமுக்கு டேக்கிள் பாயின்ட் கிடைச்சாச்சு. அதுல சந்தேகமே இல்லை. ஆனா பெஸ்ட் டிஃபென்டர் பட்டியலுக்கு அந்த டேக்கிள் யார் பேர்ல போகும்? கணுக்காலுக்கா, இடுப்புக்கா? ஊர்த் திருவிழா கபடியில் 'பிடிச்சது நம்ம பையன்'னு ரெண்டு தெருவும் அடிச்சுக்கிற அதே கேள்விதான்.

மெஷின் வந்தா எல்லாம் சரியாகிடுமா? ஓரளவுக்கு. 2022 உலகக் கோப்பை ஃபுட்பால்ல போர்ச்சுகல் - உருகுவே மேட்ச் ஞாபகம் இருக்கா? புருனோ ஃபெர்னாண்டஸ் தூக்கிப் போட்ட பந்து ரொனால்டோ தலையை உரசின மாதிரி போய் கோல் ஆச்சு. ரொனால்டோ கையை விரிச்சு ஓடினார். பந்துக்குள்ள விநாடிக்கு 500 தடவை அசைவை அளக்கிற சென்சார் இருந்தது. அது தலை படவே இல்லைன்னு சொல்லிடுச்சு. கோல் ஃபெர்னாண்டஸுக்கு. தொட்டாரா இல்லையாங்கிறதுக்கு சென்சார் பதில் சொல்லும். அது நல்ல பாஸா, சுமாரான பாஸாங்கிறதை இன்னமும் ஒரு ஆள்தான் சொல்லணும்.

உங்க கிரவுண்டுக்கு வருவோம்

சென்சாருக்கு நம்ம காலேஜ்ல பட்ஜெட் இல்லை. தேவையும் இல்லை. டேவிஸ் தேடின நோட்டு பென்சிலும் காகிதமும்தான். அது மாதிரி எழுதினாப் போதும்.

முதல்ல, இரண்டாவது நோட்டு. ஒவ்வொரு டீமும் ஒரு ஸ்கோரரைக் கொண்டு வரட்டும், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்காரட்டும். எதிர் டீம் ஸ்கோரர் பக்கத்துல இருந்தா, நம்ம ஆளுக்குப் பாசத்துல நாலு ரன் கூடப் போட முடியாது. ஓவர் முடிஞ்சதும் டோட்டலைச் சத்தமா ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் 'ஓகே' சொல்லணும். மாறினா அப்பவே தேடணும். ஒரு ஓவருக்குள்ள தேடினா கிடைக்கும். இன்னிங்ஸ் முடிஞ்சு தேடினா சண்டைதான் கிடைக்கும். மொபைல் ஆப்ல போடறீங்களா, தாராளமாப் போடுங்க. கூட்டல் தப்பு வராது. ஆனா ஸ்டிரைக்ல இருக்கிற ஆளைத் தப்பா அமுக்கினா ஆப்புக்குத் தெரியாது. பந்தைப் பார்க்க வேண்டிய நேரத்துல வாட்ஸ்அப் பார்த்தா அதுக்கும் ஆப் பொறுப்பு இல்லை.

அடுத்தது பேர். புதுசா ஒருத்தர் பேட்டிங் இறங்கினா, பௌலர் மாறினா, உள்ளே இருந்து யாராவது கை தூக்கிப் பேரைக் கத்திச் சொல்லுங்க. ஸ்கோரருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. எழுபது கெஜம் தள்ளி, வெள்ளை டிரஸ், ஒரே மாதிரி ஹெல்மெட். அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்?

கடைசியா அழிச்சு எழுதற பிரச்னை. தப்பு கண்டுபிடிச்சா ரப்பர் போட்டு அழிக்காதீங்க. ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதி, ரெண்டு ஸ்கோரரும் கையெழுத்துப் போடட்டும். அழிச்ச நோட்டை யாரும் நம்ப மாட்டாங்க. திருத்தின நோட்டை நம்புவாங்க. உங்க 48 நிஜமாவே 52-ஆங்கிறதை பௌலர் கட்டத்துல பார்த்து, அந்த ஃபோர் எந்த ஓவர், அந்த ஓவர்ல யார் ஸ்டிரைக்குன்னு அன்னைக்கே உட்கார்ந்து கண்டுபிடிச்சிடலாம். எதிர்ல நின்ன அண்ணனும் பக்கத்துல இருப்பார். தன் கணக்குல இருந்து நாலு ரன்னைக் கழிக்க அவர் ஒத்துக்கிறாராங்கிறது வேற விஷயம்! ஹாப்ஸ் மாதிரி எல்லோரும் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது.

நம்ம ஊர்ல இந்த வேலைக்கு ஒரு தனி வழியும் இருக்கு, பலருக்குத் தெரியறதில்லை. மாநில கிரிக்கெட் சங்கங்களும் பி.சி.சி.ஐ.யும் ஸ்கோரர்களுக்குத் தேர்வு வச்சு ஆள் எடுக்கிறாங்க. சட்டப் புத்தகம் தெரியணும், கையெழுத்து தெளிவா இருக்கணும், நாள் முழுக்கக் கவனம் சிதறாம உட்காரணும். பிளேயிங் லெவன்ல இடம் கிடைக்காம பன்னிரண்டாவது ஆளா தண்ணி தூக்கிக்கிட்டு இருக்கிற உங்க கிளாஸ்மேட்டுக்கு இதைச் சொல்லிப் பாருங்க. வில்லியம் ஃபெர்கூசன்ங்கிற ஆஸ்திரேலியர் 1905-ல் ஸ்கோரரா, டீமோட பெட்டி படுக்கையைப் பார்த்துக்கிறவரா கிளம்பி, அரை நூற்றாண்டு டெஸ்ட் டீம்களோட உலகம் சுத்தினவர். இன்னைக்கு டி.வி.யில ஒவ்வொரு ஷாட்டும் எந்தப் பக்கம் போச்சுன்னு கலர் கலரா கோடு போட்டுக் காட்டறாங்களே 'வேகன் வீல்', அந்தப் படத்தை அப்பவே கையால வரைஞ்சவர் அவர்தான்.

அடுத்த மேட்ச்ல அவுட் ஆகி வந்ததும் ஒண்ணு பண்ணுங்க. பேடைக் கழட்டி வச்சுட்டு, தண்ணி குடிச்சுட்டு, ஒரு பென்சிலை எடுத்துக்கிட்டு மரத்தடிக்குப் போங்க. அந்தத் தம்பி பக்கத்துல இருக்கிற இன்னொரு சேர் காலியாத்தான் இருக்கும்.